குஸ்திக் குளம்

சேக் அலாவுதீன் ஓர் ஆளைக் கொல்லப் போகிறார் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தேதிதான் தெரியாமல் இருந்தது. அந்தத் தேதியைக் கொட்டை எழுத்தில் கோத்து, ரோஸ் நிறத் தாளில் அச்சடித்துக் கொடுத்தவன் நான்.

என் பெயர் சேவுகன். புதுக்கோட்டைச் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிற வேலை. அலாவுதீன் பாயின் கறிக்கடை எங்களுக்கு எதிர்சாரி. அவருக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது, தோளுக்கு மேலே நேராகத் தலைதான். தர்காக்களின் கந்தூரி விழாக்களில் குஸ்தி போட்டு நாலு ஜில்லாவில் பெயர் வாங்கியவர். கோபம் வந்தால் முன்னால் நிற்பது யார் என்று பார்க்க மாட்டார். கறியில் எலும்பு கூடுதல் என்று முணுமுணுத்த ஒரு குமாஸ்தாவைச் சட்டைக் காலரோடு தூக்கி, ஆடு தொங்குகிற கொக்கியில் மாட்டிவிட்டு, அடுத்த ஆளுக்கு நிதானமாகக் கறி வெட்டினார். அந்த மனுசன் கை காலை உதறிக்கொண்டு தொங்கியதை நான் எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அவர் கை ஓங்காத ஒரே ஆள் ஊரில் அவர் மனைவி ஜெய்னப் மட்டும்தான். ஒடிசலான பெண். குரலும் சின்னது. அவள் கடையின் பின்கட்டிலிருந்து "மச்சான்" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், ஓங்கின கத்தி அப்படியே நிற்கும்.

எங்கள் தெருக்களுக்குத் தண்ணீர் வேப்பந்தோட்டத்துப் பூங்காவின் கிணற்றிலிருந்து. சமஸ்தானம் இருந்த காலத்தில் அமைத்த பூங்கா அது. புல்தரை, ரோஜாப் பாத்தி, நடுவில் கிணறு. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு, தண்ணீர் இறைத்த மாடுகளும் ஆட்களும் போய், சில வியாபாரிகள் சேர்ந்த பூங்காக் கமிட்டியின் கைக்கு அது வந்தது. பக்கத்திலேயே கிழக்கு ஊரணி என்று ஒன்று இருந்தது. ஆனால் அதில் ஒரு பெண் விழுந்து செத்த பிறகு ஒருவரும் அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை. ஊரணியை இறைத்து, தூர் வாரி, மூன்று மழை பார்த்த பிறகும் தொடவில்லை. பிணம் விழுந்த தண்ணீர் என்றால் எங்கள் ஜனம் செத்தாலும் குடிக்காது. அதனால்தான் மொத்தத் தெருவும் பூங்காக் கிணற்றிலேயே விழுந்து கிடந்தது.

ஐம்பத்தொன்றில் மழை பொய்த்தது. கிணற்றில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பெரிய மனிதர் பூங்காவுக்கு வரப்போகிறார் என்று சொல்லி, கமிட்டி புல்தரையைப் பச்சையாக்க முடிவு செய்தது. கிணறு இனிமேல் புல்லுக்கு மட்டும். பெண்கள் கிட்டே வராமல் விரட்டுவதற்குக் கீரனூரிலிருந்து நாகராசு என்ற குஸ்திக்காரனைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். கையில் மூங்கில் கழி. புல்லுக்குக் காவலாளி வைத்த ஊர் உலகத்தில் எங்கள் ஊராகத்தான் இருக்கும்!

பெண்கள் சும்மா இருப்பார்களா? ஒருநாள் காலையில் குடங்களோடு கூட்டமாகப் போனார்கள். நாகராசு முதலில் குடத்தை உடைத்தான். குடம் உடைந்த பெண் அவன் முகத்தில் மண்ணை வாரி அடித்தாள். பிறகு கழி சுழன்றது. மண்டை உடைந்தது, மணிக்கட்டு பிசகியது. ஜெய்னப் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, கும்பிடாத தர்கா இல்லை என்று கும்பிட்டுத் தங்கிய கரு அது. கழி அவள் இடுப்பில் விழுந்தது. கிணற்றின் கல் விளிம்பில் வயிறு மோத விழுந்தாள்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவள் வெள்ளைத் துப்பட்டியில் பாதி சிவப்பாக இருந்தது. கறிக்கடையில் ரத்தம் பார்ப்பது எனக்குப் புதிதில்லை. அன்றைக்குப் பார்க்க முடியவில்லை. கரு கலைந்தது. இனிமேல் தங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் வழக்கம்போலப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தப் பெரிய மனிதர் கடைசிவரை வரவே இல்லை.

"நான் அடிக்கல, அந்தப் பொம்பள தானா விழுந்துச்சு" என்று நாகராசு எல்லோரிடமும் சொல்லிவிட்டு அன்றைக்கே கீரனூருக்கு ஓடிவிட்டான். மறுநாள் அலாவுதீன் கறிவெட்டும் கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் கீரனூர் போனார். நாகராசு முன்பு வேலை பார்த்த லாரி ஷெட்டுக்குள் புகுந்து, தடுத்த ஆட்களின் பல்லை உதிர்த்து, மேசை நாற்காலியை விறகாக்கினார். நாகராசு அதற்குள் திருச்சிப் பக்கம் போய்விட்டிருந்தான். போலீஸ் எச்சரித்து அனுப்பியது. திரும்பி வந்தவர் கடை வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி சொன்னார்: "அவன் உசுரு என் கையிலதான் போகும்." ஒருவரும் அதைச் சந்தேகப்படவில்லை.

இரண்டு வருசம் இப்படியே போனது. மழையும் சரியாக வரவில்லை, கிணற்றடிச் சண்டையும் ஓயவில்லை. அப்போது கமிட்டிக்குக் காரியதரிசியாக வந்தார் டிரில் மாஸ்டர் ஆத்மநாதன். விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் ஒரு யோசனை வைத்திருந்தார். பெய்கிற மழையெல்லாம் பூங்காவின் சரிவில் ஓடி, தென்மேற்கு மூலையில் வெளியேறி, சாக்கடையில் கலந்து வீணாகிறது. அந்தத் தாழ்ந்த மூலையில் ஒரு குளம் வெட்டி, ரோட்டுத் தண்ணீரையும் அதற்குள் திருப்பிவிட்டால், புல்லுக்கும் பூவுக்கும் குளத்துத் தண்ணீர் போதும். கிணறும் ஊறும், அது முழுக்க ஜனங்களுக்கு. ஊர் பாதிச் செலவைப் போட்டால் மறுபாதியைச் சர்க்கார் தரும் என்று உத்தரவும் வாங்கிவிட்டார்.

அந்தப் பாதிதான் பெயரவில்லை. கடை கடையாக ஏறினார். "மழை பேஞ்சா எல்லாம் சரியாப் போயிரும் சார்" என்று காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். நாடகம் போட்டார், முன் வரிசையில் நாய் படுத்திருந்தது. ஒருநாள் எங்கள் அச்சாபீஸ் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து கேட்டார்:

"இந்த ஊரு எதுக்குத்தான்யா காசு கொடுக்கும்?"

எங்கள் முதலாளி விளையாட்டாகச் சொன்னார்: "அலாவுதீன் பாய் நாகராசுவக் கொல்றதுன்னா கொடுக்கும்."

நாங்கள் சிரித்தோம். ஆத்மநாதன் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் கறிக்கடை வாசலில் நின்றார். நோட்டீஸ் விசயமாக என்னையும் கூட்டிப்போயிருந்தார்.

"பாய், நாகராசு ஒங்களோட கோதாவுல எறங்குறேன்னுட்டான்."

வெட்டிக்கொண்டிருந்த கத்தி நின்றது. "எங்க இருக்கான்?"

"எங்க இருந்தா என்னங்க, இங்கிட்டு வாரான். ஒளிஞ்சு ஒளிஞ்சு அவனுக்கும் அலுத்துப்போச்சு. அவன் ஒங்கள விடச் சின்ன வயசு, ஒங்களையே முடிச்சிரலாம்னு நெனைக்கிறான். டிக்கெட்டுக் காசு பூராவும் கொளத்துக்கு. ஆனா ஒரு குஸ்தியில காணாது. மூணு போடணும். மொத ரெண்டையும் முடிக்காம சமமா விட்டுறணும். அப்பத்தான் மூணாவதுக்குக் கூட்டம் வரும்."

அலாவுதீன் கத்தியை ஓங்கி மரக்கட்டையில் இறக்கினார். கட்டை பிளந்து கத்தி சிக்கிக்கொண்டது. "என் புள்ளையக் கொன்னவன வச்சு வித்தை காட்டச் சொல்றீயளா? அவன் என் கைக்கு வந்தா ரெண்டாவது குஸ்தி எதுக்கு?"

ஆத்மநாதன் ஓரடி பின்னால் நகர்ந்தார். நான் இரண்டடி நகர்ந்தேன். அப்போது பின்கட்டிலிருந்து அந்தச் சின்னக் குரல் வந்தது.

"மச்சான். மொதல்ல கொளம் வெட்டட்டும். பெறவு கொல்லுங்க."

அலாவுதீன் கட்டையிலிருந்து கத்தியைப் பிடுங்க முடியாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "நோட்டீஸ் அடிங்க" என்றார்.

ஆத்மநாதன் கெட்டிக்காரர். குளம் வர வேண்டிய அதே மூலையில் இடுப்பளவு ஆழத்துக்குக் கோதா வெட்டினார். தோண்டின மண்ணைச் சுற்றிலும் கரையாகப் போட்டு, அதன் மேல் ஜனங்களை உட்காரவைத்தார். மல்லுக் கட்டவும் இடமாச்சு, குளத்துக்கு முதல் வெட்டும் ஆச்சு. இன்ஸ்பெக்டர் முன்னிலையில் நிபந்தனை வாசித்தார்கள். கோதாவுக்குள் கை கால் போனாலும் உயிரே போனாலும் பிராது கிடையாது. கரையைத் தாண்டி வெளியே போகிறவனுக்குத் தோல்வி. அலாவுதீனும் வந்து சேர்ந்த நாகராசுவும் தலையாட்டினார்கள். சலாம் வைத்துக்கொள்ளச் சொன்னபோது மட்டும் அலாவுதீன் கையை நீட்டவில்லை.

முதல் குஸ்தியில் நாகராசு இறங்கினவுடனே கட்டைவிரலை அலாவுதீனின் கண்ணுக்குள் கொடுத்தான். பிடித்து இழுத்தபோது காதைக் கடித்து ஒரு துண்டைத் துப்பினான். ஜனம் எழுந்து நின்று கத்தியது. அலாவுதீன் வலி தெரியாதவர்போல அவனைத் தூக்கி முதுகடியாகப் போட்டு, முழங்கையை அவன் கழுத்தில் வைத்து அழுத்தினார். நாகராசுவின் முகம் கறுத்தது. கால்கள் மண்ணை உதைத்தன. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் முடிந்தது. அலாவுதீன் பல்லைக் கடித்துக்கொண்டு கையை எடுத்தார். நேரம் முடிந்ததென்று ஆத்மநாதன் விசில் ஊதினார். அவருக்கும் மூச்சு அப்போதுதான் வந்தது என்று நினைக்கிறேன்.

"கொல்லத் துப்பில்லையா? காசத் திருப்பிக் கொடு!" என்று கரையிலிருந்து கல் விழுந்தது. பாக்குப் போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்து பார்த்த கடைக்கார மகராசன்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள். குளத்துக்குக் காலணா தராத அதே வாய்கள். எனக்கு அவர்களைத்தான் கோதாவுக்குள் இறக்க வேண்டும்போல இருந்தது.

இரண்டாவது குஸ்தியில் நாகராசு அலாவுதீனின் இடது கை விரல் இரண்டைப் பின்பக்கமாக வளைத்து முறித்தான். சுள்ளி ஒடிகிற சத்தம் கரைவரை கேட்டது. முறிந்த விரல்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் அவனை இடுப்போடு கட்டி, விசில் வரும்வரை தரையோடு தரையாக அமுக்கியே வைத்திருந்தார் மனுசன். கோபத்தை அடக்குகிறவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சுவரில் தலையை மோதிக்கொண்டாராம். "இன்னும் ஒண்ணுதான் மச்சான்" என்று சொல்லி ஜெய்னப் விரலுக்குக் கட்டுப்போட்டாளாம்.

மூன்றாவது குஸ்தி ஐப்பசியில். கறம்பக்குடியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், குடுமியான்மலையிலிருந்து நடந்தே வந்தார்கள். வேப்ப மரத்துக் கிளையெல்லாம் தலை. டிக்கெட்டுப் பெட்டி நிறைந்து, குஸ்தி தொடங்குமுன்பே கஜானாவுக்குப் போய்விட்டது. "பாய், ஒங்க பங்கு முடிஞ்சது. இனிமே ஒங்க இஷ்டம்" என்று ஆத்மநாதன் மெல்லச் சொன்னதை நான் கேட்டேன்.

பாதியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வருசத்து மழையும் சேர்ந்து விழுந்ததுபோல விழுந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. பூங்காச் சரிவிலிருந்தும் ரோட்டிலிருந்தும், குளத்துக்காக ஏற்கெனவே வெட்டியிருந்த வாய்க்கால் வழியாகச் செந்தண்ணீர் கோதாவுக்குள் பாய்ந்தது. கணுக்கால், பிறகு முழங்கால். இரண்டு பேரும் சேறு பூசிய பன்றிகளாகப் புரண்டார்கள். நாகராசு அவர் கட்டுப் போட்ட விரல்களையே குறிவைத்துக் கடித்தான். அலாவுதீன் அவன் பிடரியைப் பிடித்தார். மண்டியிட்டு, முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினார்.

"கொல்லு! கொல்லு!" ஊரே ஒரே வாயாகக் கத்தியது.

நாகராசுவின் முதுகு துள்ளியது. தண்ணீரில் குமிழி வந்தது. துள்ளல் குறைந்தது. அலாவுதீன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கையை எடுக்கப் போவதில்லை என்பது அந்த முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

குஸ்தி பார்க்கப் பெண்களுக்கு இடமில்லை. ஆனால் கிணற்றடியில் அவர்கள் குடத்தோடு நின்றுகொண்டுதான் இருந்தார்கள். நனைந்த துப்பட்டியோடு ஜெய்னப் ஆண்களை இடித்துக்கொண்டு கரை மேல் ஏறினாள். அந்தச் சின்னக் குரலிலிருந்து அப்படியொரு கூச்சல் வரும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது.

"மச்சான்! தண்ணியக் கெடுத்துறாதீங்க!"

அலாவுதீன் கண்ணைத் திறந்தார். நாகராசுவைப் பார்க்கவில்லை. சுற்றி நிறைந்து நின்ற தண்ணீரைப் பார்த்தார். அது தண்ணீர் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்ததுபோல இருந்தது. இந்தக் குழிக்குள் இவன் செத்தால் இதுவும் கிழக்கு ஊரணிதான். குளத்துத் தண்ணீரையும் தொட மாட்டார்கள், அதில் ஊறுகிற கிணற்றையும் தொட மாட்டார்கள்.

பிடரியை விடாமல் அவனைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். சேற்றில் வழுக்கி வழுக்கிக் கரை ஏறினார். வெளியே போட்டுக் கொல்வதற்குத்தான் தூக்கினார், அதில் சந்தேகமில்லை. கரையைத் தாண்டியதும் ஆத்மநாதன் விசில் ஊதினார். அலாவுதீனுக்குத் தோல்வி. அது அவர் காதில் விழவே இல்லை.

ரோட்டில் கிடந்த நாகராசு தண்ணீரையும் சேற்றையும் கக்கினான். நெஞ்சு மேல் முழங்காலை வைத்து அலாவுதீன் கழுத்தைப் பிடித்தபோது, அவன் விக்கி விக்கிச் சொன்னான்:

"அடிச்சேன் பாய்... நான்தான் அடிச்சேன். தானா விழல."

"எந்தக் கை?"

அவன் வலது கையை அவனாகவே நீட்டினான். அலாவுதீன் அதை வாங்கித் தன் தொடை மேல் வைத்து முறித்தார். முறிந்த பிறகு இன்னொரு தடவை திருகினார். நாகராசு அலறிய அலறலில் மரத்தில் இருந்தவர்கள்கூட வாயை மூடினார்கள். பிறகு அவர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். "கொல்லத்தான் தூக்கியாந்தேன் சேவுகா. கைய நீட்டிட்டான். பெறவு கழுத்து எனக்கு ஞாபகமே வரல" என்று வெகுகாலம் கழித்து என்னிடம் சொன்னார்.

கொலை பார்க்க வந்த ஜனத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. டிக்கெட்டுக் கொட்டகையைப் பிய்த்தார்கள். செருப்பும் கல்லும் சோடா பாட்டிலும் பறந்தன. போலீஸ் தடியடி நடத்தியதில் எனக்கும் தலையில் ஒன்று விழுந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் அலாவுதீனின் தோளைத் தொட்டு, வருத்தமாகவே சொன்னார்: "உள்ள வச்சுக் கொன்னிருந்தாக்கூட கேஸ் இல்ல பாய். வெளியில வந்து கைய ஒடிச்சிட்டீங்களே."

தண்ணீருக்காகக் கரை தாண்டியவரைத் திருச்சி ஜெயிலில் போட்டார்கள்.

அந்த மழையில் குழி நிறைந்தது, கிணறும் ஊறியது. கோடையில் குளத்தைப் பெரிதாக வெட்டி, நாலு பக்கமும் கல் கட்டினார்கள். ஊர் அதற்குக் குஸ்திக் குளம் என்று பெயர் வைத்தது. கிணற்றடியில் அதற்குப் பிறகு ஒரு பெண்ணின் மண்டையும் உடைந்ததில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும் ஏமாந்துவிட்டதாக இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டு அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

அலாவுதீன் ஜெயிலிலிருந்து வந்தார். விரல் கோணலாகிவிட்டதால் குஸ்தியை விட்டார். கோபத்தை விடவில்லை. வந்த வாரமே ஒரு தரகரைத் தராசோடு தெருவில் எறிந்தார். ஒன்று மட்டும் எங்களுக்கு வினோதமாக இருந்தது. பூங்காக் கிணற்றுத் தண்ணீரை அவர் குடிப்பதில்லை. "அதுல அவன் மூச்சு கெடக்கு" என்று சொல்லி, தொலைவில் இருந்த பள்ளிவாசல் கிணற்றிலிருந்து தனியாக ஒரு குடம் கொண்டுவரச் செய்வார். ஜெய்னப் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பிள்ளை இல்லாத வீட்டில் இரண்டு குடம் இருந்தது, அவளுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.

அறுபத்தொன்றோ இரண்டோ, நல்ல சித்திரை வெயில். ஆபீசுக்குத் தண்ணீர் எடுக்க நானும் கிணற்றடிக்குப் போயிருந்தேன். சரக்கு லாரி ஒன்று பூங்கா ஓரம் நின்றது. மூட்டைகளுக்குக் காவலாக மேலே உட்கார்ந்திருந்த ஆள் இறங்கி வந்தான். தலை நரைத்து, உடம்பு வற்றிப்போயிருந்தான். வலது கை வெளிப்பக்கமாகத் திருகி நின்றது. அந்தக் கையை அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண் குனிந்து கல்லை எடுத்தாள்.

கயிறு ஜெய்னப் கையில் இருந்தது. நாகராசு அவளைப் பார்த்தான். நின்றுவிட்டான். திரும்பிப் போவான் என்று நினைத்தேன். நாக்கு உலர்ந்தவனுக்கு வெட்கம் எங்கே இருக்கும்?

"தண்ணி" என்றான்.

இடது கையை மட்டும் நீட்டினான். மற்றக் கை குவியவில்லை. ஜெய்னப் ஊற்றிய தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகித் தரையில் போனது. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"அண்ணாந்து வாயத் தொற" என்றாள்.

அவன் திறந்தான். போதும் என்று அவன் தலையாட்டும்வரை ஊற்றினாள். அவன் முகமெல்லாம் ஈரமாக இருந்தது. போய் லாரியில் ஏறிக்கொண்டான். கல்லை எடுத்த பெண் அதைக் கீழே போட்டாள்.

ஜெய்னப் குடத்தோடு வீடு வருவதற்குள் சேதி கடைக்கு வந்துவிட்டது. நான் பின்னாலேயே ஓடினேன். அலாவுதீன் கத்தியோடு கடை வாசலில் நின்றார். பழைய கோபத்தின் முகம். அந்தக் கத்தி முதன்முதலாக அவள் பக்கம் திரும்பியிருந்தது.

"எதுக்குடி ஊத்துன?"

ஜெய்னப் குடத்தை இறக்கவில்லை. "நான் ஒண்ணும் அவன மன்னிக்கல. தாகமுன்னு வந்தான், ஊத்துனேன். தண்ணி இல்லேன்னு வெரட்டுனது அவன். அந்த வேலைய என்னப் பாக்கச் சொல்றீயளா?"

அலாவுதீன் அவளையும் குடத்தையும் பார்த்தார். கத்தியைக் கட்டை மேல் வைத்தார். கையிலிருந்த ஆட்டு ரத்தத்தைக் கைலியில் துடைத்தார். கோணல் விரல்களையும் சேர்த்து, இரண்டு கையையும் குவித்து அவள் முன்னால் குனிந்தார்.

"எனக்கும் ஊத்து" என்றார்.

ஊற்றினாள். அவர் அழுதுகொண்டே குடித்தார். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.